முகம் பார்க்கும் சுவர்

சுகவனம் நகரின் கிழக்குச் சுவரில் பூ பூத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சுவரைச் சொல்ல வேண்டும், சுவரைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களைச் சொல்ல வேண்டும், எங்களைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதால்தான் இத்தனை நாள் இது சொல்லப்படாமலே கிடந்தது.

தாராபுரம் ரோட்டில் நூல் மில்லைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் வளைவு வைத்த நுழைவாயில் ஒன்று வரும், அதுதான் எங்கள் நகர். நாற்பத்து மூன்று வீடுகள். வாத்தியார்கள், பேங்க்காரர்கள், மில் சூப்பர்வைசர்கள், ஒரு பல் டாக்டர், ரிட்டயர் ஆன ஒரு தாசில்தார். எங்களுக்குக் கிழக்கே காலனி. காலனியிலிருந்து ஓர் இட்டேரிப் பாதை, இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு புறப்பட்டு வந்து, எங்கள் மூன்றாவது வீதியாக மாறி, பஸ் ஸ்டாப்பில் போய் முடியும். நாங்கள் மனை வாங்குவதற்கு முன்னால், மனை போட்டவனின் அப்பன் பிறப்பதற்கும் முன்னால் இருந்தே அது அந்த மக்கள் நடக்கிற வழி. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அவர்கள் அதில்தான் போனார்கள், ஏழு நிமிஷ நடை.

அதை அடைத்துச் சுவர் கட்ட வேண்டும் என்று எங்கள் சங்கம் ஒரு மனு எழுதியது. சங்கத் தலைவர் சென்னியப்பன் அதை அட்டையில் செருகி வீடு வீடாக எடுத்து வந்தார். சென்னியப்பனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது; யார் வீட்டில் நெஞ்சு வலி என்றாலும் முதலில் அவருடைய கார்தான் வாசலில் நிற்கும். மனுவில் பாதுகாப்பு என்று எழுதியிருந்தது, திருட்டு பயம் என்று எழுதியிருந்தது, ஆடுகள் குரோட்டன்ஸ் செடியைக் கடிக்கின்றன என்றும் எழுதியிருந்தது. நாங்கள் நினைத்தது அதில் எழுதப்படவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். என் அடுத்த வீடு கோகிலவாணி மேடம், டவுனில் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவி, அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த சிவப்புப் பேனாவாலேயே போட்டுவிட்டார். சிவப்பு மை செல்லாது என்று சென்னியப்பன் சொல்ல, நீலப் பேனாவை எடுத்து வந்து அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டுக் கொடுத்தார்.

சுவர் எட்டடி உயரம் எழும்பியது, செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, க்ரீம் கலர் பெயிண்ட் அடித்து.

அந்தக் கல்லூரியில் அதே துறையில் பதினான்கு வருஷமாக லேப் அட்டெண்டராக இருந்தவர் மயிலாத்தாள். சோதனைக் குழாய் கழுவுவது, தண்டைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது, காய வைத்த செடிகள் ஒட்டிய தாள்களை அலமாரியில் வரிசை மாறாமல் அடுக்குவது எல்லாம் அவர்தான். வீடு காலனியில். சுவர் வந்த பிறகு அவர் மில் காம்பவுண்டைச் சுற்றி, ஓடைக்குள் இறங்கி ஏறி, சந்தை ரோட்டைப் பிடித்து வர வேண்டியிருந்தது. வரும்போது எட்டேகால் பஸ் போயிருக்கும். பதினான்கு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர், வாரத்தில் நான்கு நாள் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். கோகிலவாணி மேடம் பதிவேட்டில் குறித்தார், இரண்டு மாதம் பார்த்துவிட்டு மெமோ கொடுத்தார். மயிலாத்தாள் அதன் கீழேயே, இனிமேல் நேரத்துக்கு வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தை வெறுமனே விட்டிருந்தார். மேடம் அதைக் கோப்பில் சேர்த்தார். அந்த இரண்டு தாள்களையும், அதாவது மனுவையும் மெமோவையும், மேடம் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்குத் தினமும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார்.

பங்குனி மாதத்தில், வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், சுவர் பூத்தது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, விரிசல்கூட இல்லை. க்ரீம் கலர் பெயிண்டிலிருந்து நேராகப் பச்சைத் தண்டுகள் நீட்டி, தண்டு முனையில் கொத்துக் கொத்தாக மஞ்சளும் காவியும் துருப்பிடித்த இரும்பின் சிவப்புமாக, நான்கு நான்கு இதழோடு, மூன்றாவது வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஆள் முகத்தின் உயரத்தில் பூத்தது. காய்ச்சுகிற பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டதைப் போல வாசம். கோகிலவாணி மேடம் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, இது வால்ஃப்ளவர், கடுகுக் குடும்பம், முட்டைக்கோஸுக்கும் முள்ளங்கிக்கும் சொந்தம், குளிர் நாட்டில் பழைய கோட்டைச் சுவர்களில் முளைக்கும், நம் பக்கத்தில் கொடைக்கானலில் தொட்டியில் வைத்திருப்பார்கள், இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது என்றார். அது தாங்கியது. நாங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து நகர் வாட்ஸப் குழுவில் போட்டோம். சுவர் கட்டியதே நல்லதுக்குத்தான் என்று யாரோ எழுத, முப்பது பேர் கை கூப்பினார்கள்.

பூ திரும்புகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் சென்னியப்பனின் சம்சாரம். காலையில் வாக்கிங் போகையில், தான் நடக்க நடக்கச் சுவர் முழுக்க முகம் திருப்பித் தன்னையே பார்த்துக்கொண்டு வருகிறது என்றார். சூரியகாந்தி சூரியனைப் பார்க்கிற மாதிரிதானே என்று நாங்கள் சமாதானம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் நடந்து பார்த்தோம். தலைமையாசிரியர் வராந்தாவில் போகும்போது வகுப்பே தலை திருப்புமே, அப்படித் திருப்பியது. நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. கோகிலவாணி மேடம் ஆராய்ச்சிக்காரர் என்பதால் குனிந்து நடந்தார், பின்பக்கமாக நடந்தார், குடையை விரித்து முகத்தை மறைத்து நடந்தார். பூக்கள் குடையையே பார்த்துக்கொண்டு வந்தன. அதே வீதியில் பால்காரர் வண்டியில் போனார், பூ அசையவில்லை. கூரியர் பையன் போனான், காஸ் சிலிண்டர்காரர் போனார், எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்க அத்தனை தூரம் சுற்றி வருகிற பெண்கள் போனார்கள். ஒரு பூவும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களை மட்டுமே அது பார்த்தது.

ஏன் என்று எங்களில் ஒருவரும் இன்னொருவரைக் கேட்கவில்லை.

ஓர் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும், நாங்களும் பழகிக்கொண்டோம். நடைப்பயிற்சி மொட்டை மாடிக்குப் போனது. ஸ்கூட்டரில் போகிறவர்கள் வீட்டு வாசலிலேயே ஹெல்மெட் மாட்டத் தொடங்கினார்கள், போலீஸ்காரர் பயத்தால்கூட நடக்காத காரியம் அது. கார்க்காரர்கள் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். கிழக்குப் பக்க ஜன்னல்களுக்குத் தடித்த திரை வாங்கினோம், கடைக்காரர் இந்த நகரில் மட்டும் ஏன் இப்படி விற்கிறது என்று கேட்டதற்கு வெயில் என்றோம். வெளியூர் சொந்தக்காரர்கள் பூவைப் பார்க்க வந்து, அவர்கள் நடந்தால் திரும்பாததால் எங்களை நடக்கச் சொன்னார்கள், நாங்கள் நடந்து காட்டினோம். உங்களை மட்டும் எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டால், நாங்கள்தானே தண்ணீர் விடுகிறோம் என்றோம். ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. பல் டாக்டரின் மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார், வாசலில் இறங்கியதும் சுவர் முழுக்கப் பெண்ணின் அப்பாவைப் பார்ப்பதைக் கவனித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே, இங்கே ஏதாவது நடந்ததா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று டாக்டர் சொன்ன வேகத்தில் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

பிறகு அர்ச்சகரைக் கூப்பிட்டுப் பூஜை போட்டோம். அவர் கற்பூரம் காட்டும்போது பூக்கள் அவர் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தன. பச்சை வலை கட்டினோம், வலைக் கண்ணுக்குக் கண் ஒரு பூ எட்டிப் பார்த்தது. வெள்ளையடித்தோம். அன்று முழுக்கச் சுண்ணாம்பு பூசிய வெள்ளை முகங்கள் எங்களைப் பார்த்தன, அது அதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் சங்கம் கூடியது. எல்லோரும் கோகிலவாணி மேடத்தைப் பார்த்தார்கள், எங்களுக்குச் செடி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேர் சாக வேண்டும் என்றார் அவர். களைக்கொல்லி ஒன்றின் பேரைச் சொன்னார். இலையில் அடித்தால் போதும், தண்டு வழியாக இறங்கி வேர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வகுப்பில் சொல்வதைப் போலத் தெளிவாகச் சொன்னார். வேர் எங்கே இருக்கிறது என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அடித்தார்கள். மூன்று நாளில் பூக்கள் கருகித் தொங்கின. நாங்கள் திரைகளை விலக்கினோம். என் வீட்டுக்காரர் பல வாரம் கழித்து செய்தித்தாளை வாசல் படியில் உட்கார்ந்து படித்தார்.

நான்காம் நாள் கல்லூரியில் மயிலாத்தாள் ஒரு விடுப்புக் கடிதம் நீட்டினார். இரண்டு ஆடுகள் செத்துவிட்டதால் முந்தின இரண்டு நாள் வர இயலவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த மேடம், நோயா என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். செவுத்தோரம் மேஞ்சுட்டிருந்துச்சுங்க. வேர் தொங்குதில்லீங்களா, அதைக் கடிச்சிருச்சு."

"என்ன வேர்?"

"உங்க பூவோட வேருங்க" என்றார் மயிலாத்தாள்.

மேடம் பேனாவை மூடினார். நீ எந்த வழியாக வேலைக்கு வருகிறாய் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார். மயிலாத்தாள், மில், ஓடை, சந்தை ரோடு என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டு, கழுவாமல் கிடந்த குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கோகிலவாணி மேடம் ஸ்கூட்டரைச் சந்தை ரோட்டில் நிறுத்திவிட்டு அந்த வழியாகவே நடந்து, ஓடையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஏறி, எங்கள் சுவரின் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பூச்சு இல்லாத வெறும் செங்கல். நாங்கள் எங்கள் பக்கத்துக்கு மட்டும்தான் சிமெண்ட் பூசியிருந்தோம். ஒவ்வொரு செங்கல் இடுக்கிலிருந்தும் வெள்ளை வெளேரென்று வேர்கள் கீழே இறங்கி, மில்லில் நூல் தொங்குவதைப் போல ஆள் உயரத்துக்குத் தொங்கின. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்திலிருந்து சிந்துகிற தண்ணீர் சுவரோரம் ஒரு சின்னக் கால்வாயாக ஓடியது, வேர்களின் நுனியெல்லாம் அதற்குள் கிடந்தன. எங்கள் பூக்கள் இத்தனை நாள் குடித்தது அந்தத் தண்ணீரை. காலனிப் பெண்கள் துணி காயப் போடுவதற்காக வேர்களைக் கற்றையாகச் சேர்த்து ஒதுக்கி முடிந்து வைத்திருந்தார்கள். மருந்து இறங்கிய இடங்களில் வேர் மஞ்சளாகி அழுகிக் கொண்டிருந்தது. கால்வாயை யாரோ மண் போட்டு மறித்து, பிள்ளைகள் கிட்டே போகாமல் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. ஒரு கிழவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அதில் அவர் உட்காரவில்லை.

மறுநாள் எங்கள் சுவர் மறுபடியும் பூத்தது, முன்பைவிட நெருக்கமாக.

அதற்குப் பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். தினமும் காலையில் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, நகரை விட்டு வெளியே போய், காலனிக்குள் நுழைந்து, மயிலாத்தாள் நடக்கிற அதே வழியில் நடந்து, பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனார். வெயிலில் முகம் கறுத்தது. அவருடைய வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, ஊர் சிரிக்கிறது என்றார். நாங்கள் சிரிக்கவில்லை, ஜன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். ஒன்பது நாள் நடந்தார். பத்தாவது நாள் மில் காம்பவுண்ட் ஓரத்தில் மயிலாத்தாள் அவரை நிறுத்தினார்.

"மேடம், இப்படி வராதீங்க."

மேடம் கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க வந்தா பொம்பளைங்க குடத்தை எடுத்துட்டு ஒதுங்கி நிக்கறாங்க. பசங்க ஆட்டத்தை நிறுத்திர்றாங்க. எங்க மாமியாருக்கு முட்டி வலிங்க, அது கட்டிலை விட்டு எந்திரிச்சு நிக்குது. உங்களுக்கு மனசு சரியாகோணும்னு நாங்க எத்தனை நாளைக்குங்க எந்திரிச்சு நிக்கறது?"

"நான் என்ன பண்ணட்டும், மயிலா?"

"அதையும் நானே சொல்லோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு மயிலாத்தாள் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

இதை மேடம் என்னிடம் சொன்னபோது, மெமோவைவிட, ஆட்டைவிட, அந்தக் கடைசிக் கேள்விதான் தன்னை நடுரோட்டில் உட்கார வைத்தது என்றார். வெட்கப்படுவதைக்கூடத் தான் அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதையும் அவர்களே தூக்கிச் சுமக்கட்டும் என்று இருந்துவிட்டதாகச் சொன்னார்.

அன்றே வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து மனைப் பத்திரங்களை எடுத்தார். அதோடு நகரின் அங்கீகார வரைபடம் ஒன்று மடித்து வைத்திருந்தது, எல்லா வீட்டு பீரோவிலும் இருப்பதுதான். அதில் மூன்றாவது வீதி பொது வழி என்று காட்டப்பட்டு, கிழக்கே அம்புக்குறி போட்டு, காலனிக்குச் செல்லும் பாதை என்று எழுதியிருந்தது. அதை நாங்கள் எல்லோரும் வீடு வாங்கும்போதே படித்திருந்தோம். மேடம் ஒன்றரைப் பக்கம் எழுதினார். வழி பொது வழி என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், திருட்டு எதுவும் நடக்கவில்லை, அந்த மக்கள் எங்கள் வீதியில் நடக்கக் கூடாது என்பதற்காகவே சுவர் கட்டினோம் என்று எழுதி, வரைபடத்தைச் சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தார். கல்லூரி முதல்வருக்கு இன்னொரு கடிதம் எழுதி, மெமோவைத் திரும்பப் பெறுவதாகவும் தாமதத்துக்குக் காரணம் தானும் தன்னைச் சேர்ந்தவர்களும் என்றும் சொன்னார். அதன் நகலை மயிலாத்தாளிடம் கொடுத்தபோது அவர் வாங்கி நிதானமாக முழுவதும் படித்து, ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாங்கள் கூடினோம். அந்த அளவு கூட்டம் பொங்கல் விழாவுக்குக்கூட வந்ததில்லை. சிலர் கத்தினார்கள், வீட்டு மதிப்பைப் பற்றிப் பேசினார்கள், ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்து, நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டார்கள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் கத்தவில்லை. ரொம்ப வருத்தமாக, ஒரு தம்பி அக்காவிடம் கேட்பதைப் போலக் கேட்டார்:

"நீங்களும்தானே போட்டீங்க, மேடம்?"

"ஆமாங்க. ரெண்டு தடவை போட்டேன். அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எங்களைப் பத்தியும் எழுதியிருக்கீங்களே."

"பொய்யா எழுதியிருந்தா சொல்லுங்க, அந்த வரியை அடிச்சுர்றேன்" என்றார் மேடம்.

மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். கோயில் மணியை ஒரு குழந்தை அடித்துவிட்டு ஓடியது. அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று சொல்ல ஒருவர் எழுந்திருப்பார் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தோம். நான் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து, அவர் சொல்வது சரி என்று சொல்லியிருக்கலாம். முழங்கையில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் தீர்மானம் எதுவும் இல்லாமல் கலைந்தது, வெளியே வந்ததும் எல்லோரும் சுவர் இல்லாத மேற்கு வீதி வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனோம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வந்து அளந்தார்கள், விசாரித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள், ஐந்து மாதம் போனது. ஐப்பசியில் மழைக்கு நடுவே ஒரு காலையில் ஜேசிபி வந்து சுவரின் நடுவில் பன்னிரண்டு அடியை இடித்தது. இடித்த செங்கல்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஒட்டியிருந்த பூக்கள் குவியலுக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பி, மெயின் ரோட்டில் வண்டி மறைகிற வரைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டே போயின.

காலனிக்காரர்கள் யாரும் மாலை போட்டு வரவில்லை, பட்டாசு வெடிக்கவில்லை. முதல் வாரம் யாருமே வரவில்லை. பிறகு ஒரு கிழவி ஆஸ்பத்திரிக்குப் போக வந்தார், பிறகு பள்ளிக்கூடப் பெண்கள் சைக்கிளில் வந்தார்கள், வீதியின் ஓரமாக, பேச்சை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேகமாகப் போனார்கள். மயிலாத்தாள் மட்டும் வரவில்லை. அவர் அதே மில், அதே ஓடை, அதே சந்தை ரோடு என்றுதான் போனார். சீக்கிரமே கிளம்பி, ஒரு நாளும் தாமதமாகாமல். மேடம் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கிற உரிமை போய்விட்டது என்றார்.

கார்த்திகையில் மிச்சமிருந்த சுவரில் பூக்கள் உதிர்ந்து காய் பிடித்தது. கடுகுக் காய் மாதிரியே ஒல்லியாக, நீளமாக, தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கிற காய்கள். அவை திரும்பவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்தோம். சென்னியப்பன் மறுபடி வாக்கிங் போனார். ஒரு மத்தியானம் காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில், தாளிக்கும்போது கேட்கிற சத்தத்தோடு, வெடித்துச் சிதறின. வீதியைப் பெருக்கியபோது ஒரு விதைகூடக் கிடைக்கவில்லை.

மார்கழியில் வீடுகளுக்குள் முளைத்தது. வீட்டுக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. சென்னியப்பன் வீட்டில் பூஜை அறையில், சாமி படங்களுக்கு நடுவே. அவர் அந்த அறையைச் சாத்திவிட்டு இப்போது சமையலறையில் விளக்கேற்றுகிறார் என்று அவர் சம்சாரம் சொன்னார். பல் டாக்டர் வீட்டில் மாடிப்படி திரும்புகிற இடத்தில். ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் எங்கே என்று அவர் சொல்வதில்லை, ஆனால் முகம் சவரம் செய்ய அவர் சலூனுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் ஹாலில், டிவிக்கு மேலே. என் வீட்டுக்காரர் ஷோகேஸை நகர்த்தி அதற்கு முன்னால் வைத்தார். அது ஷோகேஸுக்குப் பின்னாலிருந்து மரத்தைத் துளைத்து எட்டிப் பார்த்ததும் பெரிய காலண்டராக ஒன்று மாட்டினோம். வருகிறவர்களிடம் காட்டுவதில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் எந்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்று தெரிந்துவைத்துக்கொள்வது சிரமமாக இருக்கிறது.

கோகிலவாணி மேடம் வீட்டில் அது சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் முளைத்தது. அவர் அதன் முன்னால் எதையும் மாட்டவில்லை. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டார், சுவர் ஊறிப் பெயிண்ட் உரிந்தது. ஈஸ்வரமூர்த்தி தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்ச் சாப்பிட்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மயிலாத்தாள் அந்த இடைவெளி வழியாக வந்தார். பட்டுச் சேலை கட்டி, கையில் ஒயர் கூடை வைத்துக்கொண்டு, வீதியின் நடுவில் நடந்து வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கும் ஒரு தலையசைப்பு கிடைத்தது. மகள் சௌமியாவுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தார். பதினான்கு வருஷத்தில் மேடத்தின் வீட்டுக்கு அவர் பல தடவை வந்திருக்கிறார், பரீட்சைத் தாள் கட்டுகளைக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டைத் தாண்டி வந்தது அன்றைக்குத்தான். மேடம் உட்காருங்கள் என்று சோபாவைக் காட்டினார், மயிலாத்தாள் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினார். மேடம் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கல்யாண மண்டபம், மாப்பிள்ளை வேலை, சமையல்காரர் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு மயிலாத்தாளின் கண் சுவருக்குப் போனது.

எழுந்து கிட்டே போனார். பூ அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பழக்கப்பட்ட கையால் ஓர் இதழை விரலால் மெல்ல ஒதுக்கி உள்ளே பார்த்தார்.

"ஆறு மகரந்தக் கேசரம். நாலு நெட்டை, ரெண்டு குட்டை. கடுகுக் குடும்பம் கரெக்டுங்க" என்றார். பிறகு, "இது உங்களையேதான் பாக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. சாப்பிடறப்பக்கூட."

மயிலாத்தாள் பூவைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். மேடம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன வார்த்தைக்காகக் காத்திருந்தார் என்று தனக்கே தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததாக மேடம் பின்னால் என்னிடம் சொன்னார்.

"பாக்கட்டுமுங்க" என்றார் மயிலாத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார். குடித்த டம்ளரைக் கழுவுகிற இடம் எங்கே என்று பார்க்காமல் மேசை மேலேயே வைத்துவிட்டு, முகூர்த்தம் ஆறரை மணிக்கு, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு, அடுத்த பத்திரிகை வைக்கப் போனார்.